மூணு வைரக் கார்: மிட்சுபிஷி பத்தி கேட்டதும் சொன்னதும்

வணக்கம் மக்களே. என் மிட்சுபிஷி லான்சர் காரோட ஓடோமீட்டர் 2,40,000 கிலோமீட்டர் தாண்டுன படத்த போட்டதுலேர்ந்து ஆளாளுக்கு கேள்வி, ஒவ்வொருத்தருக்கா தனியா டைப் பண்ணி விரலே தேஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் இங்கயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் கிடையாது. 99 மாடல் பெட்ரோல் லான்சர், 2006ல மூணாவது ஓனரா வாங்குனது, அந்த ஒரு வண்டிய கட்டிக்கிட்டு அழுததுல கத்துக்கிட்டது, மீதி படிச்சு தெரிஞ்சுக்கிட்டது. அவ்ளோதான் நம்ம தகுதி.

மதுரையிலேர்ந்து: மிட்சுபிஷின்னா ஏசியும் லிஃப்டும் பண்றவங்க தானே அண்ணே? கார் எப்ப ஆரம்பிச்சாங்க? லோகோவுல ஏன் மூணு வைரம்?

அது வைரமே இல்ல தம்பி. மிட்சுன்னா மூணு, ஹிஷின்னா தண்ணியில வளர்ற ஒரு கொட்டைச் செடி, அதோட இலை சாய்சதுரமா இருக்கும். 1870ல இவாசாகி யதாரோன்னு ஒருத்தர் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார், அவர் குடும்ப சின்னத்தையும் அவர் வேலை பாத்த டோசா ஜமீனோட சின்னத்தையும் கலந்து வந்தது தான் இந்த லோகோ. 1917ல கோபே கப்பல் பட்டறையில ஃபியட் வண்டி ஒண்ண பாத்து மாடல் ஏன்னு ஒரு கார் செஞ்சாங்க, எல்லாம் கை வேலை, மரத்துல பாடி, அமெரிக்கா கார்ங்க அதவிட சல்லிசா கெடைச்சதால 22 வண்டியோட கடைய மூடிட்டாங்க. ரெண்டாவது உலகப் போர்ல ஜீரோ போர் விமானம் செஞ்சது இவங்க தான், அதனால தோத்ததுக்கப்புறம் அமெரிக்காக்காரன் குரூப்ப துண்டு துண்டா பிரிச்சுட்டான். ஏசி, லிஃப்ட் ஒரு கம்பெனி, கார் வேற கம்பெனி, மிட்சுபிஷி மோட்டார்ஸ்னு தனியா வந்ததே 1970ல தான். இன்னொரு கூத்து, யூனிபால் பேனா போடற மிட்சுபிஷி பென்சில் கம்பெனிக்கும் அச்சு அசலா இதே லோகோ, ஆனா அவங்களுக்கும் இவங்களுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது!

சேலத்திலேர்ந்து: சார், 2001 லான்சர் பெட்ரோல் ஒண்ணு 1.1 லட்சத்துக்கு வருது, பெயின்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு. வாங்கலாமா? ஸ்பேர் கெடைக்குமா?

பெயின்ட்ட விடுங்க சார், அது பத்தாயிரத்துல வந்துடும். மொதல்ல டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாம வேலை செய்ய வைக்கற ரப்பர் பெல்ட்) எப்ப மாத்துனாங்கன்னு கேளுங்க. பில்லு இருந்தா சரி, "போன வருஷம் தான் மாத்துனேன்"னு வாயால சொன்னா மாத்தலன்னு வச்சுக்கோங்க. இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நான் வாங்குனப்ப பழைய ஓனர் இதே டயலாக்க தான் சொன்னார், நானும் நம்பி ஆயில் மட்டும் மாத்திக்கிட்டு ஓட்டிட்டு இருந்தேன், 2008 பொங்கலுக்கு ஊருக்கு போறப்ப திண்டிவனம் தாண்டுனதும் பட்டுன்னு ஒரு சத்தம், பெரிய சத்தம் கூட இல்ல, ரப்பர் பேண்ட் அறுந்த மாதிரி, அவ்ளோதான், எஞ்சின் ஆஃப். சாவிய திருப்புனா ஸ்டார்ட்டர் மட்டும் எந்த பாரமும் இல்லாம விர்ர்ருன்னு சுத்துது. அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். கவர கழட்டுனா பெல்ட் மேல எழுத்தெல்லாம் அழிஞ்சு, பல்லு கொட்டி, தொட்டா உதிருது. தப்பு முழுக்க என்னோடது. லட்சம் கிலோமீட்டருக்குள்ள மாத்த வேண்டியத நான் பாக்காம விட்டேன். வீட்டுக்காரி கையில கரும்பு கட்டோட ரோட்டோரமா மூணு மணி நேரம் நின்னா, இன்னிக்கும் அத சொல்லிக் காட்டுவா.

மாத்தும்போது பெல்ட் மட்டும் போதாது, பெல்ட்ட இறுக்கி வைக்கற டென்ஷனர், வாட்டர் பம்ப், ரெண்டு ஆயில் சீல், எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுங்க, தனித்தனியா போனா லேபர் ரெண்டு தடவ அழணும். அடுத்தது பின்னாடி சஸ்பென்ஷன். அந்த காலத்துல இந்த விலைக்கு மல்டி லிங்க் (சக்கரத்த பல கம்பி சேந்து புடிக்கற அமைப்பு) குடுத்தாங்க, வளைவுல வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு போகும், ஏற்காடு மலைல ஓட்டிப் பாருங்க உங்களுக்கே புரியும். ஆனா மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் நிறைய, அதுங்க தேஞ்சா ஸ்பீட் பிரேக்கர்ல கடகடன்னு அடிக்கும். டெஸ்ட் டிரைவ்ல ஏசிய, பாட்ட நிறுத்திட்டு ஓட்டுங்க. வயசு 15 தாண்டிடுச்சு, ஆர்சி ரென்யூ பண்ணியிருக்கா, க்ரீன் டாக்ஸ் கட்டியிருக்கான்னு பாருங்க. டீசல்னா எனக்கு பெரிசா ஆர்வமில்ல, 2 லிட்டர் எஞ்சின் இருந்தும் 68 குதிரை சக்தி தான், மைலேஜுக்கு ஓகே, ஓவர்டேக்குக்கு குலதெய்வத்த வேண்டிக்கணும். ஸ்பேருக்கு அடுத்த பதில்ல ஒரு வழி இருக்கு, படிங்க.

ஈப்போவிலேர்ந்து: அண்ணே, எங்க அப்பா புரோட்டோன் சாகா வச்சிருந்தாரு, எல்லாரும் அது மிட்சுபிஷி காடின்னு சொல்வாங்க, உண்மையா லா?

உண்மை தான் ண்ணே. 1985 ஜூலைல வந்த மொத சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவோட சட்டைய மாத்துனது தான், எஞ்சினும் அவங்களுது. அதுக்கப்புறம் 93ல வந்த வீரா, அதுவும் லான்சர் குடும்பம். மிட்சுபிஷி புரோட்டோன்ல பங்கே வச்சிருந்தாங்க, 2004ல தான் வித்துட்டு வெளிய வந்தாங்க. வீரா 1.5ல இருக்கற 4ஜி15 எஞ்சினும் நம்மூர் லான்சர்ல இருக்கறதும் ஒரே குடும்பம், அதனால இங்க கெடைக்காத கேஸ்கெட், வாட்டர் பம்ப் மாதிரி சாமான நான் மலேசியாவுல இருக்கற மச்சான் மூலமா வரவழைச்சிருக்கேன். சேலம் சார், நான் சொன்ன வழி இது தான். எஞ்சின் சாமான் மட்டும், அதுவும் பார்ட் நம்பர எழுத்தெழுத்தா சரி பாத்துட்டு. பம்பர், லைட், கதவெல்லாம் பொருந்தாது, வீரா அதுக்கு முந்துன தலைமுறை பாடி.

கோயம்புத்தூர் காலேஜ் தம்பி: ப்ரோ லான்சரும் ஈவோவும் ஒண்ணு தானே? பாடி கிட் போட்டு டர்போ ஏத்துனா ஈவோ ஆகிடுமா?

ஆகாது ப்ரோ. ஈவோன்னா லான்சர் எவல்யூஷன், லான்சரோட ராலி பந்தய வடிவம். நம்மூர் லான்சரும் ஈவோ 4, 5, 6ம் ஒரே தலைமுறை, அதனால பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள வேற. நம்மளுது முன் வீல் இழுவை, ஈவோ நாலு வீல் இழுவை, 2 லிட்டர் 4ஜி63 டர்போ. ஈவோன்னு ஒண்ணு பொறந்ததே ராலிக்காக தான், ரூல்படி 2,500 வண்டி பொது மக்களுக்கு செஞ்சா தான் போட்டியில ஓட விடுவாங்க, அதுக்காக 1992ல செஞ்சது. பின்லாந்து டிரைவர் டோமி மாகினென் அதுல 1996லேர்ந்து 1999 வரைக்கும் நாலு வருஷம் தொடர்ந்து உலக சாம்பியன்.

ஆனா எனக்கு அதவிட பிடிச்ச கதை ஆப்பிரிக்காவுல நடந்த 1974 சஃபாரி ராலி. ஜோகிந்தர் சிங், கென்யாவுல பொறந்த சர்தார், பறக்கும் சீக்கியர்னு பேரு. வெறும் 1600 சிசி லான்சர எடுத்துக்கிட்டு மழையிலயும் சேத்துலயும் போர்ஷே 911ல வந்த ஸ்வீடன் டிரைவர் வால்டகார்ட ரெண்டாவது எடத்துக்கு தள்ளிட்டார். 76ல திரும்பவும் அவர் தான், அந்த வருஷம் மொத மூணு எடமும் லான்சர். உங்க ஊர்லயே சீடியா (நம்மளுதுக்கு அடுத்த தலைமுறை லான்சர்) ராலி ஓடியிருக்கு, பெரியவங்கள கேட்டுப் பாருங்க. பாடி கிட்டுக்கு வச்சிருக்கற காச நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடு தம்பி.

யாழ்ப்பாணத்திலேர்ந்து: வணக்கம் அண்ணை. எங்கட அப்பான்ர டெலிகா வான், 2.5 டீசல், இன்னும் ஓடுது. பெல்ற் ரெண்டு இருக்கு, சின்னதையும் கட்டாயம் மாத்தோணுமோ? காராஜில சின்னது தேவையில்லை எண்டு கழட்டி விடச் சொல்லுறாங்கள்.

கட்டாயம் மாத்துங்கோ அண்ணை! இந்த சின்ன பெல்ட் பத்தி ஒரு பெரிய கதையே இருக்கு. நாலு சிலிண்டர் வரிசையா நிக்கற எஞ்சின் எல்லாத்துலயும் இயற்கையாவே ஒரு அதிர்வு உண்டு, பிஸ்டன் மேல போறப்பவும் கீழ வர்றப்பவும் வேகம் ஒரே மாதிரி இல்லாததால வர்றது, எஞ்சின் பெரிசாக பெரிசாக அதுவும் கூடும். அத அடக்க, கிராங்க (பிஸ்டன் சுத்த வைக்கற மெயின் தண்டு) விட ரெண்டு மடங்கு வேகத்துல எதிரெதிரா சுத்தற ரெண்டு தண்டு, அதாவது ஷாஃப்ட், உள்ள வச்சா போதும். ஐடியா இங்கிலாந்துக்காரர் லான்செஸ்டரோடது, ஆனா ரெண்டு ஷாஃப்ட்டையும் வேற வேற உயரத்துல வச்சு கச்சிதமா செஞ்சு பேட்டென்ட் வாங்குனது மிட்சுபிஷி, 1975ல, பேரு சைலன்ட் ஷாஃப்ட். போர்ஷே 944 செய்யறப்ப இவங்க கிட்ட லைசென்ஸ் காசு கட்டி தான் போட்டான். போர்ஷேவே!

அந்த ஷாஃப்ட்ட சுத்த வைக்கறது தான் உங்க சின்ன பெல்ட். அது அறுந்தா தனியா போகாது, பெரிய பெல்ட்டுக்கு உள்ள போய் சிக்கி அதையும் சேத்து கொண்டு போயிடும், அப்பறம் வால்வும் ராக்கர் ஆர்மும் போச்சு, ஹெட்ட கழட்டணும். கழட்டி விடறவங்களும் உண்டு, வண்டி ஓடும், ஆனா சும்மா பெல்ட்ட மட்டும் எடுக்கறது அரைகுறை வேலை, அதிர்வும் கூடும். அப்பா இவ்ளோ வருஷம் அத வச்சே ஓட்டியிருக்கார், ரெண்டையும் ஒண்டா மாத்திட்டு நிம்மதியா இருங்கோ.

துபாயிலேர்ந்து: இங்க பஜெரோ, முன்னாடி ஊர்ல ஷோரூம்ல மான்டெரோன்னு ஒண்ணு பாத்தேன், ரெண்டும் ஒண்ணா?

ஒண்ணு தான் பாஸ். 1982ல வந்தப்ப தென் அமெரிக்காவுல இருக்கற பஜெரோங்கற காட்டுப்பூனை பேர வச்சாங்க, அது ஸ்பானிஷ் பேசறவங்களுக்கு படு கெட்ட வார்த்தை, வீட்டுல சொன்னா அடி விழும். அதனால அந்த பக்கமெல்லாம் மான்டெரோ, இங்கிலாந்துல ஷோகன். இந்தியாவுல தான் இன்னும் குழப்பம், பழைய தலைமுறை 2.8 டீசல பஜெரோன்னும் புதுசா வந்த 3.2வ மான்டெரோன்னும் ஒரே சமயத்துல வித்தாங்க. பாலைவனத்துல ஓடற டக்கார் ராலில 12 தடவ ஜெயிச்ச வண்டி இது, 2001லேர்ந்து 2007 வரைக்கும் வருஷா வருஷம் விடாம. 2001ல ஓட்டுனது யூட்டா கிளைன்ஷ்மிட், டக்கார்ல ஜெயிச்ச மொத பொம்பள டிரைவர். 2021ல ஜப்பான்ல உற்பத்திய நிறுத்திட்டாங்க. பாலைவனத்துல ஓட்டுன வண்டிய வாங்கறதா இருந்தா ரேடியேட்டருக்கு முன்னாடியும் அடி பாகத்துலயும் மணல் அடைச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

சென்னையிலேர்ந்து: இவ்ளோ நல்ல வண்டின்னா இந்தியாவுல ஏன் சார் காணாம போச்சு?

இத கேட்டா தான் எனக்கு வயிறு எரியும். 1998ல லான்சர் வந்தப்ப அது திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச வண்டி, மிட்சுபிஷி டெக்னாலஜி மட்டும் குடுத்தாங்க. அதே 98ல பக்கத்துலயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் சான்ட்ரோவ ஆரம்பிச்சான். இப்ப கொஞ்சம் பின்னாடி போங்க. 1975ல ஹூண்டாய் செஞ்ச மொத சொந்தக் கார் போனி, அதுல எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் மிட்சுபிஷி. சொந்தமா எஞ்சின் செய்ய அவனுக்கு 91 வரைக்கும் ஆச்சு. ஆக வாத்தியாரும் சிஷ்யனும் ஒரே வருஷம் பக்கத்து பக்கத்து ஊர்ல கடை போட்டாங்க. சிஷ்யன் சொந்த காச கொட்டி வருஷத்துக்கு ஒரு மாடல் விட்டான், வாத்தியார் வாடகை வீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரே லான்சர வருஷக்கணக்கா வித்துட்டு இருந்தார். ஜப்பான்ல புது லான்சர் 2000லயே வந்தாச்சு, அது இங்க சீடியாங்கற பேர்ல வந்தது 2006ல. அப்பறம் யார் வாங்குவா?

மறுபடியும் அவரே: அப்ப ஜப்பான்ல கம்பெனி நல்லா தானே இருந்திருக்கும்?

அங்க தான் பெரிய அசிங்கம். வெறும் ரசிகனா பேசுனா இத மறைக்கலாம், எனக்கு மனசு வரல. 2000ல ஜப்பான் போக்குவரத்து அமைச்சகம் சோதனை போட்டப்ப, கஸ்டமர் புகார் பேப்பர்ங்கள உடை மாத்தற ரூம் லாக்கர்ல ஒளிச்சு வச்சிருந்தது தெரிஞ்சுது, இருபது வருஷத்துக்கும் மேல இதே பொழப்பு. சரி திருந்திட்டாங்கன்னு பாத்தா, 2002 ஜனவரில யோகோஹாமால இவங்க லாரி சக்கரம் ஒண்ணு கழண்டு உருண்டு போய் நடந்து போன ஒரு தாய அடிச்சுக் கொன்னுடுச்சு, குழந்தைங்களுக்கும் காயம். லாரிக்காரன் சரியா பராமரிக்கலன்னு சொல்லி தப்பிக்க பாத்தாங்க, 2004ல தான் சக்கரத்த மாட்டற ஹப்புலயே கோளாறுன்னு ஒத்துக்கிட்டாங்க, மேலதிகாரிங்க கைது வரைக்கும் போச்சு. 2016ல திரும்ப மைலேஜ் கணக்குல பொய், சின்ன கார் 6,25,000. அத கண்டுபிடிச்சது நிசான், ஏன்னா அதே வண்டிய நிசான் பேர்லயும் வித்துட்டு இருந்தாங்க. கடைசியில அதே நிசான் 34 சதவீத பங்க வாங்கிட்டான். என் பெல்ட் அறுந்ததுக்கு நான் பொறுப்பு, ஆனா ஹப் உடையும்னு தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தத எந்த கணக்குல எழுதறது? வண்டிய செஞ்ச இன்ஜினியர் மேல எனக்கு இருக்கற மரியாதை அந்த ஆபீஸ் ரூம் மேல கிடையாது.

விழுப்புரத்திலேர்ந்து: அண்ணா, பழைய லான்சருக்கு இந்த இ20 பெட்ரோல் ஊத்தலாமா?

வேற வழி? பங்க்ல அது தான கெடைக்குது. இ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்த காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, அதனால ஃப்யூயல் ஹோஸ் எல்லாம் புதுசா மாத்திட்டேன். பெட்ரோல் வாசனை லேசா வந்தா கூட ஓட்டாதீங்க. வண்டிய டேங்க் நிறைய ஊத்தி மாசக்கணக்குல நிறுத்தாதீங்க, அவ்ளோதான்.

வேலூரிலேர்ந்து: அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அவரோட 2000 லான்சர் அப்படியே ஷெட்டுல நிக்குது. விக்க மனசு வரல. நேரா போய் ஸ்டார்ட் பண்ணலாமா?

பண்ணாதீங்கம்மா, சாவியே போடாதீங்க. மொதல்ல எலி கூடு கட்டியிருக்கான்னு ஏர் ஃபில்டர் பெட்டிய தொறந்து பாருங்க, ஒயரிங்கையும். பழைய பெட்ரோல டேங்க்லேர்ந்து முழுசா எறக்கிடுங்க, அது இந்நேரம் வார்னிஷ் மாதிரி நாறும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் புதுசு. ப்ளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க, அடுத்த நாள் கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையாலயே ரெண்டு சுத்து சுத்துங்க, தடங்கல் இல்லாம சுத்துனா பாதி வேலை முடிஞ்சுது. டைமிங் பெல்ட்ட புதுசா போட்டதுக்கப்புறம் தான் பேட்டரி. மெக்கானிக் "அதெல்லாம் வேணாம், ஜம்பர் போட்டு தட்டிடலாம்"னு சொன்னா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. அப்பாவோட சர்வீஸ் புக் டேஷ்போர்டுல இருக்கும், அந்த காலத்து ஆளுங்க எல்லாம் அத பத்திரமா எழுதி வச்சிருப்பாங்க. பெல்ட் தேதிய அதுல பாத்துட்டு எனக்கு சொல்லுங்க.