மாலேயை விட்டு வர மனமில்லை

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். ஒன்பது வருடமாக மாலத்தீவில், மாலே நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். வரும் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் புதுப்பிக்காமல் ஊருக்கே வருகிறேன், அதில் குழப்பம் இல்லை. ஆனால் இந்த ஊரை விடுவதை நினைத்தால் இப்போதே தொண்டை அடைக்கிறது. சாயங்காலம் கால்போன போக்கில் நடப்பது, ராத்திரி பதினொரு மணிக்கும் கடலோரத்தில் ஆள் நடமாட்டம், எங்கிருந்தோ ஒரு பையன் ‘சார்’ என்று கத்திக் கையசைப்பது, எல்லாம் போய்விடும். அம்மா போனில் ‘ஊருக்கு வாறதுல சந்தோஷம்தானே மக்கா’ என்று கேட்டால் ஆமாம் என்கிறேன், பிறகு பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. ‘மூச்சுவிட இடமில்லாத தீவில் என்ன இருக்கு’ என்கிறார் மச்சான். நான் நினைப்பது தப்பா? மிச்ச நான்கு மாதத்தை எப்படிக் கழிப்பது? பேசாமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடலாமா?
(பெயர் வேண்டாம், மாலே)

பதில்: தப்பே இல்லை தம்பி. நானும் 2001 முதல் 2005 வரை அந்த ஊரில் பாடம் எடுத்தவள்தான், உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இடம் குறைவு என்று மச்சான் சொல்வது உண்மை, சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான், மாடிக்கு மேல் மாடி, சந்தெல்லாம் பைக். ஆனால் அந்த நெருக்கத்தால்தானே எல்லாமே நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மஜீதீ மகு என்ற பெரிய தெரு வழியாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு மாணவியின் அப்பா நிற்பார், பரீட்சை எப்படி என்று அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை காலை ஊரே உறங்குவது போல் கிடக்கும், ஜும்மா முடிந்ததும் தெருவில் திடீரென்று உயிர் வரும். பஸ்ஸுக்குக் காத்துக் காத்தே வளர்ந்த எனக்கு, நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த இடத்துக்கு நடந்தே போகலாம் என்பது எவ்வளவு பெரிய சுதந்திரமாக இருந்தது தெரியுமா!

அப்புறம், ஒரு ஊரை நேசித்தால் இன்னொன்றுக்குத் துரோகம் என்ற பயத்தை விடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நான் விடுமுறையில் நாகர்கோவிலில் இருந்தேன். குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்த செய்தி கேட்டு ஊரே அழுதது, நானும் அழுதேன். அதே நேரம் மாலேக்கும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அங்கேயும் தெருக்களில் கடல்நீர் புகுந்திருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியும் வரை சோறு இறங்கவில்லை. எந்த ஊருக்காக அதிகம் அழுதேன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் செய்த தவறு வேறு. மறுவருடம் கிளம்பும்போது கடைசி மாதம் முழுவதையும் பெட்டி கட்டுவதிலும் எடை பார்ப்பதிலும் தொலைத்தேன். 1658இல் பவளக்கல்லில் கட்டிய ஹுகுரு மிஸ்கீ பள்ளிவாசல் பக்கமாகத் தினமும் போனவள், ஒரு நாள்கூட நின்று அந்தக் கல் செதுக்கலைப் பார்க்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை மரவேலையைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து மனசு வலிக்கும். நீங்கள் போய் நின்று பாருங்கள். சாயங்காலம் மீன் சந்தைக்குப் போங்கள், தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை வந்து இறங்கும், கத்தி வைக்கிற கைவேகத்தைப் பாருங்கள். என் காலத்தில் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலே போகப் பாலம் கிடையாது, 2018இல்தான் திறந்தார்கள், தோணியில்தான் போவோம் (அங்கேயும் அதன் பெயர் தோணிதான், முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது). இப்போதும் இன்னொரு பக்கத்துத் தீவான வில்லிமாலேக்குப் படகு ஓடுகிறது. அந்தி நேரத்தில் ஏறி, திரும்பி உட்கார்ந்து, விளக்கு எரிகிற நகரத்தைத் தண்ணீரிலிருந்து ஒரு தடவை பாருங்கள். பழைய மாணவர்களையும் தேடிப் பாருங்கள், ஒன்பது வருடத்தில் சிலர் வேலைக்கே போயிருப்பார்கள்.

பணி அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள், இங்கிருந்து கேட்டால் இழுக்கும். கையிலிருக்கும் மாலத்தீவுப் பணமான ரூஃபியாவையும் அங்கேயே மாற்றுங்கள், வெளியே மாற்றுவது பெரும்பாடு.

சென்னை வேண்டாம் என்பேன். உங்களுக்குப் பிடித்தது கூட்டமும் உயரக் கட்டடமும் என்றால் போகலாம், ஆனால் கடிதம் முழுக்க நீங்கள் எழுதியிருப்பது நடையையும், கடலையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் முகங்களையும் பற்றித்தானே? சென்னையில் அதைத் தேடிப் பிடிக்க ரொம்ப நாள் ஆகும். அம்மாவும் அங்கே நாலு சுவருக்குள் இருக்க வேண்டி வரும். நாகர்கோவிலில் வேலை பாருங்கள், மணிமேடையிலிருந்து வடசேரி வரை சாயங்காலம் நடங்கள், கோட்டாறு சந்தைக்குள் நுழைந்து வாருங்கள். கருங்கலில் இருந்தால் குளச்சல் கடற்கரை பக்கம்தான். ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள், முதல் ஆறு மாதம் எதைப் பார்த்தாலும் மாலே மாதிரி இல்லையே என்றுதான் தோன்றும், எனக்கும் தோன்றியது.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். ‘சந்தோஷம்தான், ஆனா இந்த ஊரை விடுறதும் கஷ்டமா இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள், பெற்ற மனசுக்குப் புரியும். வந்ததும் ஒரு நாள் காலையில் அங்கே சப்பாத்தியோடு சாப்பிடுகிற மஸ் ஹுனியை நீங்களே செய்து கொடுங்கள், சூரைக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? மீனை வேகவைத்து உதிர்த்து, வீட்டுத் தேங்காயைத் துருவி, சின்ன உள்ளி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் பிசைய வேண்டியதுதான். சப்பாத்தி சுடப் பொறுமையில்லாமல் என் அம்மா அதை அவித்த மரச்சீனியோடு சாப்பிட்டார், அப்புறம் வாரா வாரம் கேட்டார்.