விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஆண்டதே ஒரு பொம்பளை, அப்ப அங்க பொம்பளைங்களுக்கு நல்ல காலமாத்தானே சார் இருந்திருக்கும்?

இல்லம்மா. 1837ல அவங்க பட்டத்துக்கு வரும்போது வயசு 18, ஆனா அதே ஊர்ல ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டா அவ சம்பாதிக்கிற கூலி கூட சட்டப்படி புருஷனோடதுதான். சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம்னு 1870லதான் சட்டம் வந்துச்சு, சொத்தும் அவ பேர்ல இருக்கலாம்னு வர 1882 ஆயிடுச்சு. இதுல என் மனசு ஆறாத விஷயம், பெண் உரிமைப் பேச்சே ராணிக்கு சுத்தமா பிடிக்காது.

கேள்வி: வெள்ளை கவுன்ல கல்யாணம், அவங்க ஆரம்பிச்சதா?

முன்னாடியும் சில பேர் போட்டிருக்காங்க, 1840ல இவங்க போட்டப்புறம்தான் பரவுச்சு.

கேள்வி: புருஷன் போனதும் 40 வருஷம் கறுப்பு உடுத்தினாங்களாமே, நம்ம ஊர்ல வெள்ளைப் புடவை மாதிரியா?

கிட்டத்தட்ட அதேதான், நிறம்தான் வேற. ஆல்பர்ட் 1861 டிசம்பர்ல இறந்தார், 1901ல தான் சாகுற வரைக்கும் இவங்க கறுப்பை விடல. ராணிய பாத்து வசதியான வீடுகள்லயும் துக்க முறை ரொம்ப இறுகிடுச்சு, பொண்டாட்டி செத்தா ஆம்பளைக்கு கொஞ்ச மாசம் கறுப்புப் பட்டையோட முடிஞ்சுடும், புருஷன் செத்தா அவளுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல. முதல் வருஷம் கிரேப்னு ஒரு துணி, பட்டுதான் ஆனா பளபளப்பே இருக்கக்கூடாது, சுருக்கம் சுருக்கமா சொரசொரன்னு இருக்கும், மழைல நனைஞ்சா சாயம் இறங்கி கழுத்து கையெல்லாம் கறுப்பா ஒட்டிக்கும். கடிதம் எழுதுற தாளுக்கும் கறுப்பு ஓரம், தபால்காரர் கைல அந்தக் கவரை பாத்தாலே பிரிக்காமலே வீட்ல விஷயம் புரிஞ்சுடும்.

கேள்வி: சின்னப் பசங்கள புகைபோக்கிக்குள்ள ஏத்துனாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம்தாங்க. அந்தப் புகைபோக்கி உள்ளுக்குள்ள அவ்வளவு குறுகல், பெரியவங்க தோள் நுழையாது, அதனால பையன் முட்டியையும் முழங்கையையும் சுவத்துல ஊனி ஊனி கரிய சுரண்டிக்கிட்டே ஏறணும், தோல் உரிஞ்சுடும். இதைத் தடுக்க 1840லயும் சட்டம் இருந்துச்சு 1864லயும் இருந்துச்சு, யாரும் மதிக்கல, தங்கள் வீட்டு கணப்பு சுத்தமா எரியணும்னு நெனச்சவங்கதான் ஜாஸ்தி. 1875ல கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஒரு பையன் உள்ள சிக்கி செத்தப்புறம்தான் லைசென்ஸ், போலீஸ்னு சட்டத்துக்கு பல் முளைச்சுது. பொற்காலம்னு எழுதுறவங்க இந்தப் பக்கத்தை தாண்டிப் போறது எனக்கு தாங்கல.

கேள்வி: நம்ம ஊரோட என்ன சம்பந்தம் அண்ணே, விக்டோரியா ஹால் மட்டும்தானா?

அது ஆட்சியோட 50ஆவது வருஷத்தை ஒட்டி சென்னைல கட்டுனது. ஆனா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது தாது வருஷப் பஞ்சம்தான். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லில பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவ இந்தியாவோட சக்கரவர்த்தினின்னு அறிவிச்சாங்க, அதே நாள்ல சென்னை ராஜதானில ஜனங்க சோறில்லாம ஊரை விட்டு நடந்துக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கு பறக்கும் ரயில் ஓரமா போற பக்கிங்ஹாம் கால்வாய்ல, அடையாத்துக்கும் கூவத்துக்கும் நடுவுல இருக்கிற துண்டு, அந்தப் பஞ்சத்துல கூலிக்கு வந்த ஜனங்க மண்ணு சுமந்து வெட்டுனது.