ரிமோட்டை முதலில் கீழே இறக்குங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. மதுரை எஸ்.எஸ்.காலனியில் சொந்த வீடு. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். மகன் பெங்களூரில், மகள் கோவையில். குறை என்று ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது செய்தி பார்ப்பது வழக்கம். காஸாவில் இடிந்து கிடக்கும் வீடுகளைக் காட்டுகிறார்கள், சூடானில் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறவர்களைக் காட்டுகிறார்கள். என் கை தோசையைப் பிய்த்துக்கொண்டேதான் இருக்கிறது. மனசில் ஒன்றும் அசையவில்லை. 2022-ல் உக்ரைன் போர் ஆரம்பித்தபோதும் இப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் அப்படி ஒரு போர் நடப்பதே உறைத்தது. போன மாதம் நிவாரணத்துக்கு ஐந்தாயிரம் அனுப்பினேன். அப்போதும் கரண்ட் பில் கட்டுகிற மாதிரிதான் இருந்தது. என் அம்மா (ரங்கூனில் பிறந்தவர், 88 வயது) எனக்கு நேர் எதிர். 'அந்தப் பிள்ளை காலில் செருப்பு இல்லையே' என்று டிவியைப் பார்த்து அழுவார். பி.பி. ஏறுகிறது என்று என் மனைவி ரிமோட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். பகலில் அவருக்குப் பக்திச் சேனல்தான். நான் கல்லாகிவிட்டேனா? மனநல ஆலோசகரைப் பார்க்கலாமா?

பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: 'இது எல்லோருக்கும் வருவதுதான், உங்களைப் போல யோசிப்பதே நல்ல மனசுக்கு அடையாளம்' என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள், தம்பி. அப்படி எழுதப்போவதில்லை. இந்தக் கடிதம் எனக்குப் பழகிய கடிதம். 2009-ல் முள்ளிவாய்க்கால் நேரத்தில் வந்தது, உக்ரைன் நேரத்தில் வந்தது, இப்போதும் வாராவாரம் வருகிறது. போர்தான் மாறுகிறது. எழுதுகிறவருக்கு ஒரு சொந்த வீடு இருக்கும், செட்டிலான பிள்ளைகள் இருப்பார்கள். செத்தவர்களைப் பற்றி ஒரு வரி, தன் மனசைப் பற்றி ஒரு பக்கம். உங்கள் கடிதமும் அந்தக் கணக்கில்தான் போயிருக்கும், நடுவில் ஒரு அடைப்புக்குறி மட்டும் இல்லாவிட்டால்.

'ரங்கூனில் பிறந்தவர், 88 வயது.' ஏதோ விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிற மாதிரி எழுதிவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 88 என்றால் 1937 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். ஜப்பான்காரன் பர்மாவில் இருக்கும் ரங்கூன் மேல் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் விழுந்தது 1942 மார்ச் 8. அப்போது உங்கள் அம்மாவுக்கு நாலு, ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை.

அந்த நாளில் ரங்கூன் பாதி நம்ம ஊர். 1931 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் நின்றவர்கள், கடையில் கணக்கு எழுதியவர்கள் என்று ராமநாதபுரத்திலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் இருந்து போன ஏழை ஜனம் எத்தனையோ. குண்டு விழுந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கடல் வழியாக வந்தார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்குப் கடற்கரைக்கு நடந்து, அங்கே படகு பிடித்து அக்யாப், சிட்டகாங் என்று வந்தது. இன்னொரு கூட்டம் சிந்த்வின் ஆற்றைக் கடந்து தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்தது. இம்பாலையும் தாண்டி திமாப்பூர் வந்தால்தான் ரயில். காலரா, மலேரியா, பட்டினி. கடலிலும் தரையிலுமாக வந்து சேர்ந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். சரியான கணக்கு எடுக்க யாரும் அங்கே நிற்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதை, நம்மவர்களுக்கு மோசமான பாதை என்று பிரித்து அனுப்பியதாக அன்றைக்கே பெரிய புகார் எழுந்தது.

உங்கள் அம்மா நடந்தாரா? எனக்குத் தெரியாது. சண்டைக்கு முன்பே அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கப்பலில் வந்திருக்கலாம். அங்கேயே தங்கி, 1964-ல் பர்மா அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்த கூட்டத்தில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் இருப்பது நியாயம். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். 57 வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள், ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இடிந்த கட்டடம், புகை, ஆம்புலன்ஸ் என்று திரை முழுக்க எவ்வளவோ இருக்கும்போது, அந்த அம்மாவின் கண் ஒரு பிள்ளையின் காலில் போய் நிற்கிறது. வெறுங்காலைப் பார்க்கிறார். எதற்கு அழுகிறார் என்று கேட்க வேண்டிய இடம் அது. நீங்கள் வீட்டில் பி.பி. மெஷினைத் தேடியிருக்கிறீர்கள்.

ரிமோட்டுக்கு வருகிறேன். 'என் மனைவி வைத்துவிட்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, வைத்தார். எடுத்துக் கொடுக்க உங்களுக்குக் கை எட்டாதா? தாயார் விஷயத்தில் கசப்பான காரியத்தை மனைவி பேரில் எழுதிவிட்டுத் தான் பாட்டுக்கு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் மகன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணாவது மாமியார் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். நீங்கள் அதையும் செய்யவில்லை. அப்புறம், ராத்திரி அதே ரிமோட்டை எட்டி எடுத்து அதே செய்தியை வைத்துத் தோசை சாப்பிடுகிறீர்களே, அது என்ன கணக்கு? உணர்ச்சி வருகிறவருக்குச் செய்தி கிடையாது, வராதவருக்கு உண்டு. வீட்டில் அழத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்குப் பக்திச் சேனலைப் போட்டுவிட்டு, ஐயோ எனக்கு அழுகை வரவில்லையே என்று எனக்குக் கடிதம்.

பி.பி.யை நான் அலட்சியம் பண்ணவில்லை. 88 வயதில் நாள் பூராவும் போர்க் காட்சி பார்ப்பது நல்லதல்ல, 57 வயதிலும் நல்லதல்ல. ஆனால் டாக்டர் என்ன சொன்னார்? டிவியைக் குறையுங்கள் என்றாரா, யாரும் அவரிடம் பேச வேண்டாம் என்றாரா? வயசானவர்களை நோயாளியாகவே வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் ரொம்ப வந்துவிட்டது. மாத்திரை, சர்க்கரை இல்லாத காபி, வாக்கர், டயபர், எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் என்ற இடம் மட்டும் பறிபோய்விடுகிறது. என் அபிப்பிராயத்தில், தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பது பாதிக் கடமைதான். அவர் எங்கிருந்து வந்தார், யாரை இழந்தார் என்று தெரிந்து வைத்திருப்பது மீதிப் பாதி. பழங்காலத்து மனுஷி பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கல் மனசு. எண்ணிக்கை கூடக்கூட மனசு இளகாது, இறுகும் என்று மனவியல்காரர்களே சோதனை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் முகத்துக்கு இரங்குகிறவர்கள் ஆயிரம் பிள்ளைகளின் கணக்குக்கு இரங்குவதில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியதிலிருந்து வீட்டை விட்டு ஓடியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அந்த எண்ணைக் கேட்டு அழ யாராலும் முடியாது. உங்கள் அம்மாவாலும் முடியாது. அவர் ஒரு ஜோடிக் காலுக்குத்தான் அழுகிறார். ஆகவே அந்த எண்ணுக்கு முன்னால் நீங்கள் விறைத்து உட்கார்ந்திருப்பதை நான் பெரிய குற்றமாக எடுக்கவில்லை. எண்ணெய் விலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் நாட்டுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றால் உங்கள் அடுப்படியில் தெரியத்தான் செய்யும். 1942-ல் இந்த ஊர்க்காரர்களுக்கும் போர் அப்படித்தான் உறைத்திருக்கும். பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணம் இது. ரங்கூன் விழுந்ததும் கப்பல் நின்றது, அரிசிக்குத் தட்டுப்பாடு, விலை ஏறியது, பிறகு ரேஷன்.

அந்தத் தட்டுப்பாட்டு நேரத்தில்தான் பர்மாவிலிருந்து வந்தவர்கள் சொந்த ஊர்களில் வந்து இறங்கினார்கள், கட்டின துணியோடு. யாரோ ஒரு சித்தப்பா வீட்டில், யாரோ ஒரு அத்தை வீட்டில் இடம் கொடுத்தார்கள். எல்லோரும் நெஞ்சு உருகித்தான் கொடுத்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இருக்கிற அரிசியில் இன்னும் ஆறு வாய் என்று முணுமுணுத்திருப்பார்கள். ஜாடை பேசியிருப்பார்கள். ஆனாலும் இலை போட்டார்கள். அழுதுவிட்டு இலை போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அந்த ஐந்தாயிரத்தைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். கண்ணீர் விட்டு அனுப்பிய பணத்துக்கு இரண்டு போர்வை சேர்த்துக் கிடைப்பதில்லை. கரண்ட் பில் மாதிரி இருந்ததா, நல்லது. கரண்ட் பில் ஒரு முறை கட்டிவிட்டு நிறுத்துகிறதில்லை. உங்களால் முடிந்த தொகையை நிறுத்தாமல் அனுப்புங்கள். உணர்ச்சி வந்தால் அனுப்புவேன் என்று காத்திருக்கிறவர்கள்தான் ஆபத்து. செய்தியில் வேறு ஊர் வந்ததும் மறந்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரிமோட் அம்மா கட்டில் பக்கத்துக்கு வரட்டும். சாயங்காலச் செய்தி அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், சாப்பாட்டுத் தட்டு இல்லாமல். அழுதால் அழட்டும், 'விடும்மா, விடும்மா' என்று வாயை மூடாதீர்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ரங்கூனில் வீடு எந்தத் தெருவில், எப்படி வந்தீர்கள், கூட யார் வந்தார்கள். யார் வரவில்லை என்பதை முதல் நாளே கேட்க வேண்டாம். அதை அவராகச் சொல்வார். அந்த வயதுப் பிள்ளைக்குக் கோவையாக ஞாபகம் இருக்காது. ஒரு வாசனை, ஒரு பாட்டியின் மடி, ஒரு ஆற்றைக் கடந்தது என்று துண்டு துண்டாகத்தான் வரும். தேதி தப்பு, ஊர் தப்பு என்று திருத்தாதீர்கள். பதிவு பண்ணுகிறேன் என்று செல்போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் மறுநாளும் பக்கத்தில் உட்காருங்கள். பி.பி.யை அளந்து குறித்து வையுங்கள், ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கிடைத்த மாதிரி 57 வருஷம் அவர்களுக்குக் கிடைக்காது.

இதையெல்லாம் செய்தால் காஸாவைப் பார்த்து அழுகை வருமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வராமலும் போகலாம். வந்தால் எழுதுங்கள், வராவிட்டாலும் பணம் அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.

ஆலோசகரைப் பற்றிக் கேட்டீர்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு ருசிக்காமல், பேரப்பிள்ளை வந்து கொஞ்சினாலும் ஒன்றும் தோன்றாமல், எல்லாவற்றிலும் இதே மரத்த நிலை வாரக்கணக்கில் இருந்தால் தயங்காமல் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சங்கடப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், தோசை நன்றாகவே இறங்குகிறது என்று தெரிகிறது. அப்படியென்றால் அங்கே இருக்கிற நீள வரிசையில் உண்மையாகக் கஷ்டப்படுகிறவர் இடத்தைப் பிடிக்காமல், முதலில் அம்மா அறைக்குப் போங்கள்.