சான்றிதழ் போதும், வரைவைக் கொடுங்கள்

கேள்வி: இளைஞர் நாடாளுமன்றம், கருத்தரங்கம் என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள். பேசவைத்துப் போட்டோ எடுத்து, சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் கொள்கை முடிவெடுக்கும்போது மட்டும் யாரும் எங்களைக் கேட்பதில்லையே, ஏன்?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: முடிவெடுத்த பிறகு கைதட்ட ஆள் வேண்டும். அந்தக் கூட்டங்களில் பாதி அதற்குத்தான். உண்மையிலேயே கருத்து வேண்டுமென்றால், வரைவை முன்கூட்டியே, படிக்கத் தெரிந்த மொழியில் கொடுப்பார்கள். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் (திட்டங்களுக்கு அனுமதி தருமுன் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் விதிகளின்) வரைவை இங்கிலீஷிலும் இந்தியிலும் போட்டுவிட்டு நாடு முழுக்கக் கருத்துக் கேட்டது மத்திய அரசு. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

சரி, அரசைத் திட்டியாயிற்று. நீங்கள் கடைசியாக எப்போது கிராமசபைக்குப் போனீர்கள்? கேரளத்தில் அது வார்டுதோறும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதில் உறுப்பினர். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. 1996-ல், உள்ளூர்த் திட்டங்களை மக்களே தீட்டுவதற்கான மக்கள் திட்ட இயக்கம் கேரளத்தில் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. அந்தப் பணம் குடிநீருக்கா, ரோட்டுக்கா, நூலகத்துக்கா என்று தீர்மானிப்பதும் கொள்கைதான். ஆனால் வீட்டுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பயனாளி பட்டியலில் பெயர் வந்ததா என்று பார்க்க வருகிறவர்களே அங்கே அதிகம். பட்டியல் வாசித்ததும் கூட்டம் கலைந்துவிடும். பிள்ளைகளோ, 'அதெல்லாம் அம்மா போகிற இடம்' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். (21 வயதானால் உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்கலாம். ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானது அந்த வயதில்தான்.)

பஞ்சாயத்தின் திட்ட அறிக்கை மலையாளத்தில் இருக்கிறது என்பீர்கள். 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். தோழிகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வரைவுத் திட்டத்தைத் தமிழில் கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். அப்புறம் கிராமசபையில் எழுந்து, போன கூட்டத்து முடிவுகளில் எது நடந்தது, நடக்காததற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். அதற்குப் பஞ்சாயத்துத் தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.