கருப்பு போகலைன்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க ஆச்சி

கேள்வி: டாக்டர், நாங்க தேவகோட்டை பக்கம். என் மருமகளுக்கு வயசு 31, எடை 52 கிலோ. ரெண்டு கன்னத்துலயும் சிவப்பா திட்டு வந்துச்சு, மங்குன்னு நெனச்சு மெடிக்கல்ல க்ரீம் வாங்கி போட்டா, இன்னும் ஜாஸ்தியாச்சு. மதுரையில சதை எடுத்து டெஸ்ட் பண்ணி டிஸ்காய்டு லூபஸ்னு சொல்லி ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 தினம் ஒண்ணு குடுத்திருக்காங்க. மூணு மாசமாச்சு, சிவப்பு போயிருச்சு ஆனா கருப்பு அப்படியே இருக்கு, தலையில ஒரு இடத்துல முடியும் இல்ல. இது மலேரியா மாத்திரையாம், கண்ணு போயிருமாம். மருந்து கேக்கலைன்னு நிறுத்திடலாமா? அமெரிக்காவுல புதுசா ஊசி வந்திருக்குன்னு பேரன் சொல்றான். பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: ஆச்சி, கடைசி கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், ஒட்டவே ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம், ஒரே துண்டுல தொடச்சுக்கலாம். உடம்போட எதிர்ப்பு சக்தி தன் தோலையே எதிரின்னு நெனச்சு தாக்குற வியாதி இது, கிருமி கிடையாது. குஷ்டமோன்னு யாராவது காதுல ஓதியிருந்தா அதுவும் இல்லை.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சிவப்பு போயிருச்சு கருப்பு போகலை, அதனால மருந்து கேக்கலைன்னு எழுதியிருக்கீங்க. மருந்து நல்லாவே கேட்டிருக்கு ஆச்சி! அடுப்பு அணைஞ்சாலும் செவுத்துல கரி இருக்கத்தான் செய்யும், அதுக்காக அடுப்பு இன்னும் எரியுதுன்னு சொல்ல முடியுமா. சிவப்பு, செதில், புதுசா உதிர்ற முடி இதெல்லாம் நோய் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். கருப்பு, தழும்பு, தழும்பாகி முடியே முளைக்காத இடம் இதெல்லாம் நோய் வந்துட்டு போன சேதம்.

இதை நானா சொல்லலை. அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல விக்டோரியா வெர்த்னு ஒரு தோல் டாக்டரம்மா இருக்காங்க, லூபஸ், தோலையும் தசையையும் தாக்குற டெர்மடோமையோசைட்டிஸ் மாதிரி வியாதிகள்லயே வாழ்க்கைய ஓட்டினவங்க. முன்னாடியெல்லாம் தோல் லூபஸுக்கு மருந்து குடுத்தா குணமாகுதான்னு அளக்க ஒழுங்கான வழியே இல்லை, ஒரு டாக்டர் பரவாயில்லைம்பாரு, இன்னொருத்தர் அப்படியே இருக்கும்பாரு. 2005ல அவங்களும் அவங்க கூட இருந்தவங்களும் கிளாசின்னு ஒரு மார்க் முறை கொண்டுவந்தாங்க. உச்சந்தலை, காது, மூக்கு, முகம், கைன்னு ஒவ்வொரு இடமா பாத்து ரெண்டு தனித்தனி மார்க், நோயோட வேகத்துக்கு 70 வரைக்கும், சேதத்துக்கு 56 வரைக்கும். ரெண்டையும் கூட்டவே மாட்டாங்க, அதுதான் இதுல சூட்சுமமே. உங்க மருமகளுக்கு நீங்க எழுதினத வச்சுப் பாத்தா முதல் மார்க் நல்லா இறங்கியிருக்கு, ரெண்டாவது அப்படியே நிக்குது. இப்ப மாத்திரைய நிறுத்தினா முதல் மார்க் திரும்ப ஏறலாம், ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ரெண்டாவதுல கொஞ்சம் சேர்ந்துட்டே போகும்.

கருப்பு மெதுவா மங்கும், மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. அந்த அவசரத்துலதான் எல்லாரும் திரும்ப மெடிக்கல் க்ரீமுக்கு போறாங்க. அந்த மங்கு க்ரீம்கள்ல பலதும் ஸ்டீராய்டு கலந்ததுதான், முதல் வாரம் பளிச்சுன்னு இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு வெயில் பட்டாலே எரியும். உங்க டாக்டர் எழுதிக் குடுக்கிற ஸ்டீராய்டு களிம்பு வேற, அது இத்தனை நாள்னு கணக்கு வச்சு திட்டு மேல மட்டும் போடறது. எனக்கு காரைக்குடி, தேவகோட்டை சைடுல இருந்து வர்ற பொம்பளைங்க பைக்குள்ள இந்த ட்யூப் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், கோவம்தான் வருது.

கண்ணு விஷயம். பயம் நியாயம்தான், ஆனா அளவு இருக்கு. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு கணக்கு, 52 கிலோன்னா 260, அவங்க சாப்பிடறது 200தான். இந்த அளவுக்குள்ள இருந்தா முதல் 5 வருஷத்துல நூத்துல ஒருத்தருக்கும் கம்மியாதான் விழித்திரை பாதிப்பு வருது, 10 வருஷம் வரைக்கும் ரெண்டு பேருக்கும் கம்மி, 20 வருஷத்துக்கு மேல போனாதான் கிட்டத்தட்ட 20 பேர்னு ஏறுது. அதனால முதல் வருஷத்துக்குள்ள ஒரு கண் செக்கப், 5 வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். கிட்னி தொந்தரவு இருந்தா அந்த வருஷா வருஷ செக்கப்பை முன்னாடியே ஆரம்பிக்கணும். இன்னொரு குழந்தை யோசனை இருந்தாலும் இந்த மாத்திரைய பொதுவா நிறுத்தறதில்லை, டாக்டர்கிட்ட சொல்லிட்டு தொடரலாம்.

பேரன் சொன்ன ஊசி பொய் இல்லை. அனிஃப்ரோலுமாப்னு ஒண்ணு, இந்த நோய்ல எக்கச்சக்கமா சுரக்கிற இன்டர்ஃபெரான்ங்கிற எதிர்ப்பு சக்திப் பொருள் வேலை செய்யாம தடுக்கறது, 2021ல அமெரிக்காவுல உடம்பு முழுக்க பரவின லூபஸுக்கு அனுமதி குடுத்தாங்க. லிடிஃபிலிமாப்னு இன்னொண்ணு, அந்த இன்டர்ஃபெரானை உண்டாக்குற செல்லையே அடக்கறது, அதை தோல் லூபஸ்காரங்களுக்கு குடுத்துப் பாத்த ரெண்டாம் கட்ட ஆய்வு 2022ல வந்துச்சு, வெர்த் அம்மா முன்ன நின்னு பண்ணினது, மருந்து கேட்டுச்சான்னு பாத்ததும் அந்த கிளாசியோட முதல் மார்க்கை வச்சுத்தான். ஆனா 200 மில்லிகிராம் மாத்திரையிலயே அடங்கிட்டு வர்ற மருமகளுக்கு இப்போ அது எதுக்கு ஆச்சி?

அதைவிட வெயில்தான் பெரிய விஷயம். நம்ம ஊர் வீட்டுல முற்றம் இருக்கே, வளவுல நிழல்லதானே உக்காந்திருக்கேன்னு நெனப்பாங்க, மேல திறந்திருக்கிறதால வெளிச்சம் செவுத்துல பட்டு எதிரொளிச்சு முகத்துக்கு வரும். வத்தல் வடகம் காயப்போட மாடிக்கு ஏறுற வேலைய இந்த வருஷம் வேற யாருக்காவது குடுங்க. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கி முகம் கழுத்து காதுன்னு தடவணும், பொட்டு பொட்டா வச்சா பிரயோஜனம் இல்லை, வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்ப. வைட்டமின் டி ஒரு தடவை பாத்துக்கிடட்டும். வீட்டுல யாராவது சிகரெட் பிடிச்சா வெளிய போய் பிடிக்கச் சொல்லுங்க, புகை இந்த நோய்க்கு ஆகாது.

பெரும்பாலானவங்களுக்கு இது தோலோட நின்னுடும், கொஞ்சப் பேருக்குத்தான் உள்ளுறுப்புக்கு போகும். விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், வாய்ப்புண், கால் வீக்கம், யூரின் நுரைச்சுப் போறது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் ரத்தமும் யூரினும் டாக்டர் சொல்ற நேரத்துக்கு பாத்துக்கணும்.

அடுத்த தடவை போறப்போ தலைய இறுக்கிப் பின்னி பூ வச்சு மறைச்சுட்டுப் போக வேண்டாம், அந்த முடி இல்லாத இடத்தோட ஓரத்துல சிவப்பா செதில் இருக்கான்னு டாக்டர் பாக்கணும். இருந்தா அங்க நோய் இன்னும் ஓடுதுன்னு அர்த்தம், சீக்கிரம் அடக்கினா பக்கத்து முடியாவது தப்பிக்கும். காதுக்குள்ள கிண்ணம் மாதிரி இருக்கிற குழியையும் காட்டச் சொல்லுங்க, அங்க கருப்பு கருப்பா துவாரம் அடைச்ச மாதிரி இருக்கும், கண்ணாடியில தெரியாததால யாரும் சொல்றதே இல்லை.