நமுத்துப்போகாத மருந்து

வணக்கம் ஐயா,

உங்கள் உரையைக் காணொளியில் கேட்டேன். வெடிமருந்து வந்ததும் கோட்டைகளின் காலம் முடிந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். நீங்களோ, பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த 1346 கிரெஸிப் போரிலேயே ஆங்கிலேயரிடம் பீரங்கி இருந்தது, ஆனால் ஜெயித்துக் கொடுத்தது வில்தான் என்றீர்கள். அப்படியென்றால் அதற்குப் பிறகும் நூறு வருஷம் மதில்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தக் காலத்துப் பீரங்கி எப்படி இருந்தது என்று பாருங்கள். 1326-ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு சுவடியில் படம் இருக்கிறது. பூச்சாடி மாதிரி ஒரு பாண்டம் மேசைமேல் படுத்திருக்கிறது. அதன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது அம்பு! இதை வைத்துக்கொண்டு மதிலை என்ன செய்வது?

மருந்தும் அப்படித்தான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் மாவாக அரைத்துக் கலப்பார்கள். மாவு சட்டென்று நமுத்துவிடும்; குழலுக்குள் இறுக்கி அடைத்தால் தீ உள்ளே ஓடாது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் கலவையை ஈரமாகப் பிசைந்து, காயவைத்து, உடைத்துக் குருணையாக்கும் முறை பரவியது. குருணைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. தீ ஒரே வீச்சில் பரவும், ஈரமும் அவ்வளவு ஏறாது. என்னைக் கேட்டால், பெரிய பெரிய பீரங்கிகளைவிட இந்தக் குருணைதான் முக்கியம். ஆனால் அது கேட்ட விலையும் உண்டு. வீரியமான மருந்துக்குப் பழைய குழல்கள் ஈடுகொடுக்கவில்லை. அவை இரும்புப் பட்டைகளை அடுக்கி வளையம் போட்டு இறுக்கியவை. குழல் வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் கதி அவ்வளவுதான். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1460-ல் ராக்ஸ்பரோ முற்றுகையில் செத்தது இப்படித்தான், தன்னுடைய பீரங்கி வெடித்து.

அடுத்தது பணம். தொழுவத்து மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சித்தான் வெடியுப்பு எடுக்க வேண்டும். ஊருக்கு ஒரு கோட்டை வைத்திருந்த பிரபுவுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. ஓர்பன் என்ற பீரங்கி வார்ப்பவர் முதலில் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசரிடம்தான் போனார். அங்கே கஜானா காலி. கூலி கொடுத்தவர் அவருடைய எதிரியான துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத். 1453-ல் அந்த நகரத்து மதிலை இடித்தவற்றில் ஓர்பனின் ராட்சதப் பீரங்கியும் ஒன்று. அது நாளைக்குச் சில தடவைதான் சுடும். பகலில் இடிந்ததை உள்ளே இருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணும் மரமும் போட்டு அடைத்தார்கள். முற்றுகை ஐம்பது நாளுக்கு மேல் இழுத்தது.

ஆட்டம் நிஜமாகவே மாறியது 1494-ல் என்பேன். பிரான்ஸின் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் நுழைந்தபோது அவரிடம் இருந்தவை சக்கரம் பூட்டி, குதிரை இழுத்த வெண்கலப் பீரங்கிகள். கல்குண்டுக்குப் பதில் இரும்புக்குண்டு. சின்னக் குழலிலேயே அடி பலமாக விழும். பீரங்கி படையோடு கூடவே வந்து சேர்ந்தது, வந்த கையோடு சுட ஆரம்பித்தது. உயரமாக எழுப்பிய மெல்லிய மதில்கள் அதற்குத் தாங்கவில்லை.

ஆனால் கோட்டையே ஒழிந்துபோகவில்லை. 1500-ல் பீசா நகரை முற்றுகையிட்டவர்கள் மதிலை உடைத்துவிட்டார்கள். உடைப்பு வழியாகப் பார்த்தால், உள்ளே புதிதாக வெட்டிய அகழியும் மண்கரையும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். திரும்பிப் போனார்கள். தாழ்வாக, தடிமனாக, நட்சத்திர வடிவில் இத்தாலியர்கள் கோட்டை கட்டத் தொடங்கியது இதை ஒட்டித்தான். அவற்றைப் பிடிக்க மறுபடியும் மாதக்கணக்கில் முற்றுகை போட வேண்டியிருந்தது.