ஸ்டார் வார்ஸ் படங்களில் ஜெடாய் வீரன் அனகின் ஸ்கைவாக்கர், டார்த் வேடர் என்ற கொடிய வில்லனாக மாறியதற்கு யார் பொறுப்பு?

வலை விரித்தது, குடியரசின் தலைவர் வேடத்தில் ஒளிந்திருந்த தீயவன் பால்படீன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2005இல் வந்த படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது ஜெடாய் வீரர்களை வழிநடத்தும் சபைமேல்தான். அனகினுக்குச் சபையில் இடம் கொடுத்துவிட்டு 'மாஸ்டர்' பட்டம் மட்டும் கிடையாது என்கிறார்கள். அப்புறம், அவனைத் தட்டிக்கொடுத்து வளர்த்த பால்படீனையே வேவு பார்க்கச் சொல்கிறார்கள். மனைவி பிரசவத்தில் இறப்பதாகக் கனவு கண்டு நடுங்கி, அவள் பெயரைச் சொல்லாமல் சபையின் மூத்த குரு யோடாவிடம் போனால், இழக்க அஞ்சுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்று உபதேசம். தாயையும் முன்பு இப்படித்தான் கனவில் கண்டான். அவள் அவன் கையிலேயே உயிர்விட்டாள். அவனிடம் போய் இந்த உபதேசமா?

சரி, அதற்காக அவனை விட்டுவிட முடியாது. பால்படீனைக் கொல்லப்போன ஜெடாய் மாஸ்டர் மேஸ் விண்டுவின் கையை வெட்டியதைப் பதற்றம் எனலாம். ஜெடாய் ஆலயத்தில் ஒளிந்திருந்த குழந்தைகளைக் கொல்ல ஒளிவாளை ஏற்றியது முழுக்க அவன் எடுத்த முடிவு.